திசுப் படங்களில் நிறத்தைக் கொண்டு உட்கருக்களைப் பிரித்தல்: ஸ்கேனர் மாறியதும் முறை ஏன் தவறுகிறது?

கேள்வி: அகல்விழி

வணக்கம். உயிர்மருத்துவப் படச் செயலாக்கத்தில் ஓராண்டாகப் பயின்று வருகிறேன். ஹீமடாக்சிலின், இயோசின் ஆகிய இரு சாயங்களும் ஏற்றப்பட்ட திசு ஸ்லைடுகளின் படங்களிலிருந்து செல்களின் உட்கருக்களைத் தனியே பிரித்து எண்ணுவது என் பணி. உட்கருக்கள் நீலமாகவும், சைட்டோபிளாசமும் கொலாஜன் இழைகளும் இளஞ்சிவப்பாகவும் தெரிவதால், படத்தை ஆர்ஜிபியிலிருந்து (சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்கள்) ஹெச்எஸ்வி நிறவெளிக்கு (நிறச்சாயல், நிறச்செறிவு, ஒளிர்மதிப்பு என்று நிறத்தைக் குறிக்கும் அமைப்பு) மாற்றி, நிறச்சாயல் 235 முதல் 255 பாகை வரையிலும் நிறச்செறிவு 0.35க்கு மேலும் உள்ள பிக்சல்களை உட்கருக்கள் என்று எடுத்துக்கொண்டேன். முதல் தொகுப்பில் இந்த வரம்புகள் நன்றாகவே வேலை செய்தன. வேறொரு ஆய்வகத்தில் வேறொரு ஸ்கேனரில் எடுத்த இரண்டாம் தொகுப்பிலோ உட்கருக்களில் பெரும்பகுதி விடுபட்டுப்போகிறது.

வேறுபாட்டைச் சரிசெய்ய மூன்று சேனல்களுக்கும் தனித்தனியே ஹிஸ்டோகிராம் சமன்படுத்தலை, அதாவது பிக்சல் மதிப்புகளை முழு வீச்சிலும் சீராகப் பரப்புவதை, செய்து பார்த்தேன். திசுவில் இல்லாத பச்சைத் திட்டுகள் தோன்றின. இரைச்சலை நீக்க ஒவ்வொரு சேனலிலும் இடைநிலை வடிகட்டியை (அண்டைப் பிக்சல்களை வரிசைப்படுத்தி நடுவில் வரும் மதிப்பை எடுப்பது) பயன்படுத்தினால் உட்கருக்களின் ஓரத்தில் இயல்புக்கு மாறான நிறங்கள் வருகின்றன. சில நூல்கள் ஹெச்எஸ்வியே சிறந்தது என்கின்றன. வேறு சில சிஐஇ எல்ஏபியைப் பரிந்துரைக்கின்றன. மருத்துவப் படங்களுக்கு எந்த நிறவெளி சரியானது, அதைத் தீர்மானிப்பதற்கு அடிப்படை ஏதேனும் உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: செங்கதிர்

அடிப்படை உண்டு. எந்த நிறவெளி என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் பிக்சலின் நிறம் எவ்வாறு உருவானது என்று கேட்க வேண்டும். ஹெச்எஸ்வி என்பது 1978-இல் ஆல்வி ரே ஸ்மித் கணினி வரைகலைக்காக வகுத்த அமைப்பு. திரையில் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் மனிதருக்கு வசதியாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1976-இல் வந்த சிஐஇ எல்ஏபியோ இரண்டு நிறங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு மனிதக் கண்ணுக்கு எவ்வளவாகத் தோன்றும் என்பதை அளக்க வந்தது. திசுவில் எந்தச் சாயம் எவ்வளவு படிந்திருக்கிறது என்ற செய்தி இவ்விரண்டிலும் இல்லை. உங்களுக்கு வேண்டியதோ அந்தச் செய்தி ஒன்றுதான்.

உங்கள் ஸ்லைடில் வெள்ளொளி கீழிருந்து திசுவை ஊடுருவி மேலே வருகிறது. வழியில் சாயம் அதன் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகிறது. எனவே இங்கு நிறம் என்பது உறிஞ்சப்பட்டது போக எஞ்சிய ஒளி. இதைப் பீர்-லாம்பர்ட் விதி ஆள்கிறது: கடந்துவரும் ஒளி சாயத்தின் அளவோடு நேர்கோட்டில் குறைவதில்லை, அடுக்குக்குறி முறையில் குறைகிறது. வெற்றுக் கண்ணாடியில் பச்சைச் சேனலின் ஒளி 240 அலகு என்று கொள்வோம். ஓரளவு சாயம் அதை 120 ஆக்கினால், இருமடங்கு சாயம் 60 ஆக்கும், மும்மடங்கு சாயம் 30 ஆக்கும். ஒவ்வொரு முறையும் கூடிய சாயம் ஒரே அளவுதான் என்றாலும் பிக்சல் மதிப்பு முதலில் 120, பிறகு 60, பிறகு 30 என்று குறைகிறது. வெற்றுக் கண்ணாடியின் மதிப்பைப் பிக்சல் மதிப்பால் வகுத்து, பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கையை எடுத்தால் கிடைப்பது ஒளியடர்த்தி. மேற்சொன்ன மூன்று நிலைகளிலும் அது 0.301, 0.602, 0.903 என்று சீராக ஏறும். சாயங்களின் விளைவுகளைக் கூட்டவும் கழிக்கவும் முடிவது ஒளியடர்த்தியில்தான்.

இதன்மேல் கட்டப்பட்டதுதான் 2001-இல் ரைஃப்ராக், ஜான்ஸ்டன் இருவரும் வெளியிட்ட நிறப்பிரிப்பு முறை. ஒவ்வொரு சாயமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களில் எந்த விகிதத்தில் ஒளியை உறிஞ்சுகிறதோ அந்த விகிதமே அச்சாயத்தின் திசையன். அவர்கள் தந்த மதிப்புகளின்படி ஹீமடாக்சிலினுக்கு 0.65, 0.70, 0.29, இயோசினுக்கு 0.07, 0.99, 0.11. ஒரு பிக்சலின் ஒளியடர்த்தி இந்தத் திசையன்களின் கூட்டு என்பதால், அவற்றை அடுக்கிய அணியின் நேர்மாறால் பெருக்கினால் ஒவ்வொரு சாயத்தின் அளவும் தனியே வந்துவிடும்.

உங்கள் வரம்புகள் ஏன் உடைந்தன என்பதை இதே எண்களைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். ஹீமடாக்சிலின் மட்டும் ஓரலகு இருக்கும் பிக்சலில் சிவப்பு, பச்சை, நீல ஒளியின் பங்குகள் முறையே 0.224, 0.200, 0.513, அதன் நிறச்சாயல் ஏறத்தாழ 245 பாகை, நிறச்செறிவு 0.61. அதே உட்கரு சற்று மெலிதாகச் சாயமேறி 0.3 அலகு மட்டும் கொண்டிருந்தால் நிறச்சாயல் 246 பாகையிலேயே நிற்கும், ஆனால் நிறச்செறிவு 0.25 ஆக வீழ்ந்துவிடும். அங்கே உங்கள் இரண்டாம் வரம்பு அந்த உட்கருவை விலக்கிவிடுகிறது. இனி முதல் உட்கருவின்மேல் அரை அலகு இயோசின் படிந்திருப்பதாகக் கொள்ளுங்கள்: நிறச்சாயல் 262 பாகைக்கு நகர்ந்து முதல் வரம்பையே தாண்டிவிடுகிறது. இருந்தும் ஒளியடர்த்தியில் பிரித்துப் பார்த்தால் ஹீமடாக்சிலினின் அளவு முன்பும் ஒன்று, இப்போதும் ஒன்று. திசுவில் மாறாத ஒன்றை மாறாததாகவே காட்டும் அளவைத்தான் நாம் தேட வேண்டும் என்பேன்.

திசையன்கள் எல்லா ஆய்வகங்களுக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், படத்திலிருந்தே அவற்றைக் கணிக்கும் முறைகள் பின்னர் வந்தன. 2009-இல் மேசென்கோவும் உடன்பணியாற்றியோரும் வெளியிட்ட முறை அவற்றுள் பரவலானது: ஒளியடர்த்தி 0.15க்குக் குறைந்த பிக்சல்களை வெற்றிடம் என்று நீக்கிவிட்டு, எஞ்சியவை பரவியிருக்கும் தளத்தைக் கண்டு, அந்தப் பரவலின் இரு ஓரங்களைச் சாயத் திசையன்களாகக் கொள்கிறது. இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, மடக்கையின் அடிமானம்; பத்தை அடிமானமாகக் கொண்டால் 0.15 என்பது 71 விழுக்காடு ஒளி கடந்துவருவதைக் குறிக்கும், இயல் மடக்கையானால் 86 விழுக்காட்டைக் குறிக்கும், ஆகவே ஒருவருடைய நிரலை எடுத்து இன்னொருவருடைய வரம்பைப் பொருத்தக் கூடாது. இரண்டாவது, இரு சாயங்களும் போதிய அளவு இருக்கும் பகுதியிலிருந்தே திசையன்களைக் கணிக்க வேண்டும். கொலாஜன் மட்டும் நிறைந்த சிறு துண்டுப்படத்தைக் கொடுத்தால், இல்லாத ஹீமடாக்சிலினை அது இயோசினுக்குள்ளேயே கண்டுபிடித்துத் தந்துவிடும். முழு ஸ்லைடுக்கும் ஒரே முறை கணித்து எல்லாத் துண்டுகளுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

பதில் 2: தும்பை

நான் திசுவியல் ஆய்வகத்தில் ஸ்லைடு தயாரிக்கும் பணியில் இருப்பவள். மேலே சொன்ன கணக்கு எனக்குப் புதிது; ஆனால் அந்த எண்கள் ஏன் மாறுகின்றன என்பதை மேசையில் அன்றாடம் பார்க்கிறேன். திசுச் சீவல் வழக்கமாக 3 முதல் 5 மைக்ரோமீட்டர் கனம் இருக்கும். மூன்றிலிருந்து ஐந்துக்குப் போனாலே ஒளி கடக்கும் தொலைவு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஹீமடாக்சிலின் ஏற்றிய பின் சற்றே காரத்தன்மையுள்ள நீரில் அலசும்போதுதான் அது செவ்வூதாவிலிருந்து நீலமாக மாறுகிறது. அந்த அலசல் குறைந்தால் உட்கருக்கள் சிவப்புச் சாயலோடு நின்றுவிடும். இயோசினோ நீரிலும் ஆல்கஹாலிலும் கூடுதல் நேரம் இருந்தால் கரைந்து வெளுத்துவிடும். ஆகவே சாயத்தின் அளவு, அதன் நிறம் இரண்டுமே ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும்.

அகல்விழி, இரண்டாம் தொகுப்பில் திசு இல்லாத வெற்றுக் கண்ணாடிப் பகுதியின் மூன்று சேனல் மதிப்புகளைப் பார்த்தீர்களா? அதைப் பார்க்காமல் வேறு எதையும் தொடங்க வேண்டாம். நுண்ணோக்கியில் பொருத்திய கேமராவில் தானியங்கி வெண்சமநிலையும் தானியங்கி வெளிச்ச அளவீடும் இயங்கிக்கொண்டிருந்தால், இளஞ்சிவப்பு மிகுந்த பகுதியைப் பார்த்ததும் கேமரா அந்தச் சிவப்பைப் பிழையென்று கருதித் தானே குறைத்துவிடும். அடுத்தடுத்த இரு பார்வைப்புலங்கள் வெவ்வேறு நிறத்தில் பதிவாகும். இரண்டையும் நிறுத்திவிட்டு, வெற்றுப் பகுதியை ஒரு முறையும், ஒளியை முற்றிலும் மறைத்து ஒரு முறையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். திசுப் படத்திலிருந்து இருட்படத்தைக் கழித்து, வெற்றுப்படத்திலிருந்தும் இருட்படத்தைக் கழித்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் விளக்கின் நிறமும் ஓரங்களின் மங்கலும் ஒருங்கே நீங்கும். முதல் பதிலில் உள்ள ஒளியடர்த்திக்குத் தேவையான விகிதமும் இதுவேதான்.

பதில் 3: நிலவன்

செங்கதிர் அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒரு படி அதில் விடுபட்டிருக்கிறது. அந்த 240, 120, 60 எல்லாம் ஒளியின் அளவுகள். கோப்பில் இருக்கும் எண்கள் ஒளியின் அளவுகள் அல்ல. பெரும்பாலான படங்கள் எஸ்ஆர்ஜிபி முறையில் சேமிக்கப்படுகின்றன. அதில் 255-க்கு 128 என்ற எண் பாதி ஒளியைக் குறிப்பதில்லை, ஏறத்தாழ 21.6 விழுக்காட்டையே குறிக்கிறது. அந்த எண்ணை அப்படியே மடக்கையில் இட்டால் ஒளியடர்த்தி 0.30 என்று வரும். உண்மையில் அது 0.67. முதலில் ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான நேர்கோட்டு மதிப்புகளாக மாற்றிவிட்டுத்தான் பீர்-லாம்பர்ட் விதியைப் பொருத்த வேண்டும். படங்களைச் சிறிதாக்குவது, மங்கலாக்குவது, சராசரி எடுப்பது ஆகிய செயல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். உங்கள் இரண்டாம் தொகுப்பு ஜேபெக் சுருக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜேபெக் படத்தை ஒளிர்வு, இரு நிறவேறுபாடுகள் என்று பிரித்து, நிறவேறுபாடுகளை வழக்கமாக நான்கு பிக்சலுக்கு ஒரு மதிப்பு என்ற அளவில்தான் வைத்துக்கொள்கிறது. மனிதக் கண் நிறத்தின் நுண்விவரத்தை அவ்வளவாகக் காண்பதில்லை என்பதால் ஒளிப்படங்களில் இது தெரிவதில்லை; ஆனால் சாயங்களைப் பிரிக்கும் நமக்கு வேண்டியதே அந்த நிறவேறுபாடுதான். பிரித்த பின் ஹீமடாக்சிலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமான அடையாளங்கள் தெரியக்கூடும். கேமராவிலிருந்து வந்த படமானால், அதற்கும் முன்பே ஓர் இழப்பு நேர்ந்திருக்கும்: 1976-இல் காப்புரிமை பெற்ற பேயர் வடிகட்டி அமைப்பில் ஒவ்வொரு உணரியும் ஒரே நிறத்தைத்தான் அளக்கிறது, பாதி உணரிகள் பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் உரியவை. எஞ்சிய இரு நிறங்களும் அண்டை உணரிகளிலிருந்து ஊகித்து நிரப்பப்பட்டவை. உட்கருவின் ஓரத்தில் ஒரு பிக்சல் அகலத்தில் தோன்றும் நிறக்கோட்டைத் திசுவின் இயல்பு என்று நம்பிவிடாதீர்கள்.

பதில் 4: செங்கதிர்

நிலவன் சொல்வது சரி. நான் அந்தப் படியைச் சொல்லாமல் விட்டது பிழை. ஆயினும் நேர்கோட்டாக்கம் செய்யாத பலருடைய நிரல்களும் ஓரளவு வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. எஸ்ஆர்ஜிபி வளைவு ஏறத்தாழ 2.2 என்ற அடுக்கைப் போன்றது; அடுக்கின் மடக்கையை எடுக்கும்போது அடுக்கு ஒரு பெருக்கெண்ணாக வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் நிலவனின் எடுத்துக்காட்டில் 0.67-ஐ 0.30-ஆல் வகுத்தால் அதே 2.2 கிடைக்கிறது. மூன்று சேனல்களும் ஒரே எண்ணால் சுருங்குவதால் சாயத் திசையன்களின் திசை பெரிதாக மாறுவதில்லை. ஆனால் இந்த ஆறுதல் தூய அடுக்கு வளைவுக்கு மட்டுமே பொருந்தும். ஸ்கேனர் உற்பத்தியாளர் படம் பொலிவாகத் தெரிய வேண்டும் என்று தனி வளைவையோ சேனல்களைக் கலக்கும் நிறத்திருத்த அணியையோ சேர்த்திருந்தால் திசையே மாறிவிடும். எனவே கோப்பில் ஐசிசி நிறவிவரம் (கோப்பின் எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்று சொல்லும் இணைப்பு) இருந்தால் அதைக் கொண்டு முறையாக நேர்கோட்டாக்கம் செய்வதே நல்லது.

பதில் 5: கயல்

வடிகட்டி, சமன்படுத்தல் பற்றிய கேள்விகளுக்கு இன்னும் விடை வரவில்லை என்பதால் எழுதுகிறேன். மூன்று சேனல்களையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று படங்களாக நடத்தியதே இரண்டு இடங்களிலும் நேர்ந்த பிழை. தூய சிவப்பு, தூய பச்சை, தூய நீலம் என்ற மூன்று பிக்சல்கள் அருகருகே இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு சேனலிலும் மதிப்புகள் 255, 0, 0. இடைநிலை மதிப்பு பூஜ்யம். ஆக, மூன்றில் எதிலும் இல்லாத கருப்பு விடையாக வந்து நிற்கிறது. இதைத் தவிர்க்கவே 1990-இல் அஸ்டோலாவும் உடன்பணியாற்றியோரும் திசையன் இடைநிலை வடிகட்டியை முன்வைத்தனர்: சாளரத்தில் உள்ள பிக்சல்களுள் மற்ற எல்லாவற்றிலிருந்தும் உள்ள தொலைவுகளின் கூட்டுத்தொகை எதற்கு மிகக் குறைவோ அதுவே விடை. அது ஏற்கெனவே படத்தில் இருக்கும் நிறமாதலால் புதிய நிறம் பிறக்க வழியில்லை. சமன்படுத்தலும் அப்படித்தான், சேனல்களுக்கு இடையிலான விகிதம்தான் நிறம், தனித்தனியே நீட்டினால் அந்த விகிதம் சிதைகிறது. பார்வைக்காக மேம்படுத்த வேண்டுமானால் எல்ஏபி வெளியின் ஒளிர்வுக் கூறில் மட்டும் செய்யுங்கள். பிறகு ஒளியடர்த்தி கணக்கிடப் போகும் படத்தில் அதையும் செய்ய வேண்டாம். ஒளியின் அளவுக்கும் பிக்சல் மதிப்புக்கும் இருந்த தொடர்பு அதோடு அறுந்துவிடும்.

என் பணி விழித்திரைப் படங்களில். நிறம் எப்படி உருவானது என்ற கேள்வி அங்கே வேறொரு விடையைத் தருகிறது. ஒளி உள்ளே சென்று, திரும்பி எதிரொளித்து வருகிறது. சாயம் எதுவும் ஏற்றப்படுவதில்லை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 542, 577 நானோமீட்டர் அருகில் ஒளியை வலுவாக உறிஞ்சுவதால், பச்சைச் சேனலில் இரத்தக்குழாய்களும் சிறு இரத்தக்கசிவுகளும் கருமையாகத் தெளிவாகத் தெரிகின்றன. சிவப்புச் சேனல் விழியடிப்படலத்திலிருந்து மிகுதியாகத் திரும்பிவரும் ஒளியால் நிரம்பிப் பல இடங்களில் உச்சவரம்பைத் தொட்டுவிடும். நீலத்தை விழிலென்ஸ், குறிப்பாக முதியோரின் லென்ஸ், பெருமளவு உறிஞ்சிவிடுவதால் அந்தச் சேனலில் எஞ்சுவது பெரும்பாலும் இரைச்சலே. எனவே குழாய்களைப் பிரிக்கப் பலரும் பச்சைச் சேனலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அது வசதிக்காகச் செய்யும் சுருக்கம் என்று நான் தொடக்கத்தில் எண்ணியது தவறு, ஹீமோகுளோபினின் இயல்பே அதைத் தீர்மானிக்கிறது. தோல் புண்களின் படங்களில் நிலைமை மீண்டும் மாறும். அங்கே மருத்துவரே இளம்பழுப்பு, கரும்பழுப்பு, நீலச்சாம்பல் என்று நிறங்களைக் கண்ணால் வேறுபடுத்தித்தான் முடிவெடுக்கிறார். மனிதக் கண்ணின் வேறுபாட்டுணர்வை அளக்கும் எல்ஏபி அங்கே பொருத்தமானது.

ஹெச்எஸ்வியை எங்கேனும் பயன்படுத்த நேர்ந்தால் நிறச்சாயல் வட்டமானது என்பதை மறக்க வேண்டாம்: 350 பாகைக்கும் 10 பாகைக்கும் சராசரி கண்டால் 180 என்று வரும், சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் பசுநீலம்! கோணங்களைத் திசையன்களாக்கிச் சராசரி காண வேண்டும். கருமையான பிக்சல்களிலும் சாம்பல்நிறப் பிக்சல்களிலும் ஓரலகு இரைச்சலே நிறச்சாயலைப் பல பாகைகள் நகர்த்திவிடும்.

அகல்விழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தும்பை அவர்கள் சொன்னபடி முதலில் வெற்றுப் பகுதியைப் பார்த்தேன். முதல் தொகுப்பில் மூன்று சேனல்களும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன. இரண்டாம் தொகுப்பில் நீலம் தெளிவாகக் குறைவு, அதாவது வெற்றுக் கண்ணாடியே மஞ்சள் சாயலோடு பதிவாகியிருக்கிறது. நேர்கோட்டாக்கம், வெற்றுப் பகுதியால் வகுத்தல், முழு ஸ்லைடிலிருந்து சாயத் திசையன்களைக் கணித்தல் என்ற வரிசையில் செய்ததும், முன்பு விடுபட்ட உட்கருக்களில் பெரும்பாலானவை ஹீமடாக்சிலின் படத்தில் திரும்பி வந்துவிட்டன. இடையில் ஒரு நாள் முழுவதும் விடைகள் பொருளற்றவையாக வந்தன. ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நிரல்தொகுப்பு படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் தராமல் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் தருகிறது என்பதைக் கவனிக்காமல் திசையன்களைப் பொருத்தியதே காரணம். மற்றவர்களுக்கு உதவும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

ஒரு துணைக்கேள்வி. அடுத்ததாக டிஏபி என்ற பழுப்பு நிறமியால் ஒரு புரதத்தை அடையாளமிட்ட ஸ்லைடுகள் வரவிருக்கின்றன. இதே முறையில் டிஏபியைப் பிரித்து, அதன் ஒளியடர்த்தியைப் புரதத்தின் அளவாகக் கொள்ளலாமா?

பதில் 6: செங்கதிர்

பிரிக்கலாம்; ரைஃப்ராக், ஜான்ஸ்டன் தந்த திசையன் அதற்கும் உண்டு: 0.27, 0.57, 0.78. நீலத்தைத்தான் அது மிகுதியாக உறிஞ்சுகிறது, ஆகவே ஹீமடாக்சிலினிலிருந்து நன்றாகவே பிரியும். ஆனால் அளவாகக் கொள்ள வேண்டாம். டிஏபி கரைந்து பரவும் சாயம் அன்று; நொதி வினையால் அந்த இடத்திலேயே வீழ்படிவாகும் துகள். அது ஒளியை உறிஞ்சுவதோடு சிதறடிக்கவும் செய்வதால் பீர்-லாம்பர்ட் விதிக்குக் கட்டுப்படுவதில்லை; வினை நடக்கும் நேரத்தைப் பொறுத்தும் அடர்த்தி மாறும். பழுப்பு இருக்கிறதா, இல்லையா, எத்தனை விழுக்காடு உட்கருக்களில் இருக்கிறது என்பதுவரை சொல்லுங்கள். இருமடங்கு கருமையான உட்கருவில் இருமடங்கு புரதம் என்று அறிக்கையில் எழுத நேர்ந்தால், அந்த வரியை நீக்கிவிடுங்கள்.